மண்டபம் முகாமும் மருத்துவக் காப்பீடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1990-இல் இலங்கையிலிருந்து அகதிகளாகப் படகில் வந்து இறங்கியவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் பெரும்பாலானவர்கள் காகிதத்தில் இன்னும் வெளிநாட்டவர்தான். அதனாலேயே ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் சிலர், "முதலமைச்சர் காப்பீடெல்லாம் நமக்கு எங்கே?" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களுக்கும் அந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாம் குடும்பங்களுக்கு அந்த வரம்பும் கிடையாது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும்.

அட்டை வாங்கிய பிறகுதான் சிக்கலே. வேறு முகாமிலிருந்து கட்டிக்கொடுத்து வந்த பெண்ணின் பெயர் பழைய முகாம் பதிவிலேயே கிடக்கும். பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும்வரை பெயர் சேர்த்திருக்க மாட்டார்கள். அட்டையில் பெயர் இல்லை என்று ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு இதைச் சரிசெய்ய ஓடுவது பெரும்பாடு. கல்யாணம் முடிந்த கையோடு முகாம் அலுவலகத்தில் பதிவை மாற்றுங்கள். கர்ப்பத்தைக் கிராம செவிலியரிடம் பதிந்து பிக்மி (PICME) என்னும் கர்ப்பப் பதிவு எண் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள், அதை அப்புறம் சேர்க்கலாம்.

அடுத்தது, பணம் கட்டிவிட்டு அட்டையை நீட்டுவது. கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் அல்ல இது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும், அங்கும் உங்கள் சிகிச்சை பட்டியலில் இருக்க வேண்டும். மதுரைக்கு வண்டி பிடிக்கும் முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், அவசரமில்லாத எதற்கும் முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதே நல்லது. அட்டை இல்லை என்று அங்கே திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்குக் காப்பீடு தேவையே இல்லை, ஆரம்ப சுகாதார நிலையம் போதும்.

சாலை விபத்து என்றால் அட்டையைத் தேடி நிற்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட எந்த நாட்டவருக்கும் உண்டு.