சிஸ்பிளெக்ஸில் எக்ஸ்சிஎஃப் செய்திகளைச் சீராக்க முதல் படிகள்

சிஸ்பிளெக்ஸ் என்பது ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் ஐபிஎம் மெயின்ஃப்ரேம் சிஸ்டங்களின் தொகுப்பு. அதில் இருக்கும் இசட்/ஓஎஸ் (மெயின்ஃப்ரேம் இயங்குதளம்) சிஸ்டங்கள் ஒன்றோடொன்று பேசுவது எக்ஸ்சிஎஃப் என்ற செய்திப் பரிமாற்றப் பகுதி வழியாகத்தான். அதில் தாமதம் வந்தால் பலரும் உடனே செய்தி போய்வரப் புதுப் பாதைகளைச் சேர்க்கிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை என்பேன். முதலில் செய்தியின் அளவைப் பாருங்கள்.

படி 1. வேலை உச்சத்தில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஆர்எம்எஃப் என்ற செயல்திறன் அளவீட்டுக் கருவியின் எக்ஸ்சிஎஃப் அறிக்கையை எடுங்கள். இதற்கான தரவு எஸ்எம்எஃப் (சிஸ்டம் தானே எழுதும் பதிவுகள்) வகை 74, உட்பிரிவு 2-இல் இருக்கும்.

படி 2. சிஸ்டங்கள் எந்தப் பதிப்பு? இசட்/ஓஎஸ் 2.4 முதல் எக்ஸ்டிசிசைஸ் என்ற வசதி தானாகவே இயங்கும். செய்திகளை அளவுவாரியாகப் பிரிப்பதை எக்ஸ்சிஎஃப்பே பார்த்துக்கொள்ளும். 'டி எக்ஸ்சிஎஃப்,கப்பிள்' கட்டளையில் அது தெரியும். இரு முனையிலும் இயங்கினால் நேரே படி 4-க்குப் போகலாம்.

படி 3. இதில்தான் நேரம் செலவிட வேண்டும். எக்ஸ்சிஎஃப் செய்திகளை டிரான்ஸ்போர்ட் கிளாஸ் என்ற பிரிவுகளாக அனுப்புகிறது. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு பஃபர் (செய்தியைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்) அளவு உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 956 பைட். செய்தி அதைவிடச் சிறியதானால் (அறிக்கையில் 'ஸ்மால்') நினைவகம் வீணாகும், அவ்வளவுதான். பெரியதானால் ('பிக்') எக்ஸ்சிஎஃப் பெரிய பஃபரைத் தேட வேண்டும். அப்படித் தேடியதால் தாமதமான பெரிய செய்திகளின் சதவீதமே 'ஓவர்'. 'பிக்', 'ஓவர்' இரண்டுமே உயர்ந்திருந்தால் 16,316 பைட் போல இன்னொரு கிளாஸ் அமையுங்கள். அந்தக் கிளாஸின் குழுவை (எக்ஸ்சிஎஃப் வழியே தமக்குள் செய்தி பரிமாறும் நிரல்களின் தொகுதி) அன்டெசிக், அதாவது எந்தக் குழுவுக்கும் தனியாக ஒதுக்காதது, என்றே விடுங்கள். குழுவாரியாகப் பிரிப்பது ஒரு குழு மற்றவற்றை நெருக்கும்போது மட்டும் போதும்.

அப்புறம், புதிய கிளாஸுக்குச் சொந்தமாக வெளிச்செல்லும் பாதை கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் அதன் செய்திகள் அடுத்த கிளாஸின் பாதையில் ஏறும். பிரித்ததற்குப் பயனே இல்லை. உள்வரும் பாதைக்குக் கிளாஸ் கிடையாது.

படி 4. அறிக்கையில் 'ரிக்வெஸ்ட் ரிஜெக்ட்' (நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகள்) எண்ணிக்கை ஏறினால் பஃபர் இடம் போதவில்லை. பஃபர் இடத்தின் வரம்பான மேக்ஸ்எம்எஸ்ஜி மதிப்பைக் கூட்டுங்கள்.

படி 5. இப்போது பாதைகள். 'அவெய்ல்' என்பது செய்தி வந்தபோது பாதை காலியாக இருந்த தடவைகள். 'பிஸி' என்பது வேலையில் இருந்த தடவைகள். பிஸி மிஞ்சினால் பாதை சேர்ப்பது நியாயம். அது சிடிசியாக (சிஸ்டங்களை நேரடியாக இணைக்கும் சேனல்) இருக்கலாம், கப்ளிங் ஃபெசிலிட்டியில் (சிஸ்டங்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம்) ஐஎக்ஸ்சி என்று பெயர் தொடங்கும் லிஸ்ட் ஸ்ட்ரக்சராகவும் இருக்கலாம். எதுவானாலும் இரண்டுக்குக் குறையாமல், வெவ்வேறு வன்பொருள் வழியாக அமையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே உச்ச நேரத்தில் மறுபடி அளவெடுங்கள். செட்எக்ஸ்சிஎஃப் கட்டளையால் செய்த மாற்றம் ஐபிஎல் (சிஸ்டத்தை மறுபடி தொடங்குவது) ஆனதும் போய்விடும். சரி என்று உறுதியானதும் சிஸ்டத்தின் அமைப்பு மதிப்புகள் இருக்கும் பார்ம்லிப்பின் கப்பிள் உறுப்பிலும் எழுதிவிடுங்கள்.