2029 ஏப்ரலுக்கு முன் உங்கள் பேஸ்லிப்பைப் படித்துக்கொள்ளுங்கள்: பிரிட்டனின் பென்ஷன் சாலரி சாக்ரிஃபைஸ் மாற்றம்

பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2025 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்த பட்ஜெட்டில், சாலரி சாக்ரிஃபைஸ் (சம்பளத்தில் ஒரு பகுதியை ஊழியர் விட்டுக்கொடுக்க, அதை நிறுவனமே பென்ஷனில் செலுத்தும் ஏற்பாடு) வழியாகப் பென்ஷனுக்குச் செலுத்தும் தொகைக்குக் கிடைக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்தின்மேல் ஊழியரும் நிறுவனமும் அரசுக்குக் கட்டும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு) விலக்கை, 2029 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 2,000 பவுண்டுக்குள் அடக்கப்போவதாக அறிவித்தார். அதற்கான மசோதாவும் அடுத்த மாதமே நாடாளுமன்றத்துக்கு வந்தது. இந்தச் செய்தியைக் கேட்டதும் பென்ஷன் கட்டுவதையே குறைத்துவிடலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: குறையப்போவது நேஷனல் இன்சூரன்ஸ் சலுகை மட்டுமே, வருமான வரிச் சலுகை அப்படியே தொடரும். உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்காமல் நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் தொகையையும் இந்த வரம்பு தொடாது.

ஆகவே, உங்கள் பென்ஷன் பணம் எந்த வழியில் போகிறது என்பதைக் கண்டறிவதுதான் முதல் வேலை. பேஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். ஆண்டுச் சம்பளம் 40,000 பவுண்டு பெறும் ஒருவர் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுத்தால், மாதச் சம்பளம் 3,333.33 பவுண்டு என்று முதல் வரியிலும், அதன் கீழேயே 333.33 கழிவு என்றும் இருக்கும். வரிக்குரிய சம்பளம் 3,000 ஆகிவிடும். மாத வரம்பான 1,048 பவுண்டுக்கு மேலுள்ள தொகையில் 8 சதவீதம் என்ற கணக்கில் அவர் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் 156.16 பவுண்டு. சாலரி சாக்ரிஃபைஸ் இல்லாமல் அதே தொகையைச் செலுத்துபவருக்குப் பென்ஷன் பிடித்தம் வருமான வரி, நேஷனல் இன்சூரன்ஸ் ஆகியவற்றோடு கழிவுப் பட்டியலில் இருக்கும். அவருடைய நேஷனல் இன்சூரன்ஸ் 182.83 பவுண்டாக வரும். உங்கள் பேஸ்லிப் இந்த இரண்டாவது வகையாக இருந்தால், புதிய வரம்பால் உங்களுக்கு நேரடியாக எந்த இழப்பும் இல்லை. எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி அச்சிடுவதில்லை என்பதால், ஐயம் இருந்தால் சம்பளப் பிரிவுக்கு எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது கணக்கு. ஆண்டு முழுவதும் நீங்கள் விட்டுக்கொடுக்கும் தொகையிலிருந்து 2,000-ஐக் கழியுங்கள். மீதம் எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு ஒன்றும் மாறாது. மீதம் இருந்தால், உங்கள் சம்பளம் 50,270 பவுண்டுக்குள் இருக்கும்பட்சத்தில் அந்த மீதத்தில் 8 சதவீதமும், விட்டுக்கொடுத்த பிறகும் அதற்கு மேலேயே இருந்தால் 2 சதவீதமும் இன்றைய விகிதப்படி கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். மேலே சொன்ன 40,000 பவுண்டுக்காரர் ஆண்டுக்கு 4,000 விட்டுக்கொடுக்கிறார். அவருக்குக் கூடுதல் செலவு 160 பவுண்டு. 70,000 பவுண்டு சம்பளத்தில் 10,000 விட்டுக்கொடுப்பவருக்கும் கூடுதல் செலவு அதே 160 பவுண்டுதான். நடுத்தரச் சம்பளத்தில் இருந்துகொண்டு, முதுமைக்காக வயிற்றைக் கட்டிச் சேமிப்பவரிடம் அதிகச் சம்பளக்காரருக்கு இணையான தொகையை வாங்குவது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆனாலும் அந்த 4,000 பவுண்டுக்கு அவருக்கு 800 பவுண்டு வருமான வரி மிச்சமாவது தொடர்கிறது. 160-க்குப் பயந்து 800-ஐ விட்டுவிடக் கூடாது.

பெரிய சுமை நிறுவனத்தின் தலையில்தான் விழுகிறது. 2,000-க்கு மேற்பட்ட தொகைக்கு நிறுவனம் 15 சதவீதம் கட்ட வேண்டும். 10,000 விட்டுக்கொடுக்கும் ஒரே ஊழியருக்காக 1,200 பவுண்டு கூடுதலாகும். இப்போது மிச்சமாகும் நேஷனல் இன்சூரன்ஸில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ ஊழியரின் பென்ஷன் கணக்கிலேயே சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு. உங்கள் நிறுவனம் அப்படிச் செய்கிறதா, 2029-க்குப் பிறகும் செய்யுமா என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். பலருக்கு உண்மையான இழப்பு இந்த இடத்தில்தான் ஏற்படக்கூடும், ஆனால் பேஸ்லிப்பில் அது கண்ணில் படாது.

100,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவர்கள் அவசரப்பட்டு எதையும் மாற்ற வேண்டாம். அந்த எல்லையைத் தாண்டியதும் ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் வரியில்லா வருமான அளவில் 1 பவுண்டு குறைந்துகொண்டே வருவதால், 125,140 வரையிலான வருமானத்துக்கு உண்மையில் 60 சதவீத வரி விழுகிறது. அதோடு குழந்தைப் பராமரிப்புக்கான அரசு உதவியும் நின்றுபோகிறது. பென்ஷனில் போட்டு வருமானத்தை 100,000-க்குள் கொண்டுவரும் வழி 2029-க்குப் பிறகும் திறந்தே இருக்கும். போவது 2 சதவீத நேஷனல் இன்சூரன்ஸ் மிச்சம் மட்டுமே.

2029 ஏப்ரல் 5 வரை பழைய விதியே நடப்பதால், வசதியுள்ளவர்கள் போனஸையும் சேர்த்து இப்போதே அதிகம் செலுத்தலாம். நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து ஆண்டுக்கு 60,000 பவுண்டு என்பது பொதுவான உச்சவரம்பு. ஆனால் பென்ஷனில் போட்ட பணத்தை 55 வயதுக்கு முன் எடுக்க முடியாது, 2028 ஏப்ரல் முதல் அந்த வயதும் 57 ஆகிறது. கிரெடிட் கார்டு கடனை வைத்துக்கொண்டும், அவசரத் தேவைக்குக் கையிருப்பு இல்லாமலும் இதில் இறங்காதீர்கள்.

விட்டுக்கொடுத்த பிறகு மிஞ்சும் சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போக எந்த நிறுவனமும் அனுமதிக்க முடியாது. குழந்தையை எதிர்பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: சட்டப்படியான மகப்பேற்று ஊதியத்தின் முதல் ஆறு வாரங்களுக்குக் கிடைக்கும் 90 சதவீதம், விட்டுக்கொடுத்தது போக மிஞ்சிய சராசரிச் சம்பளத்தின்மேல்தான் கணக்கிடப்படுகிறது. அந்தச் சராசரி, பிரசவத்துக்குச் சில மாதங்கள் முன்பு வரும் ஏறக்குறைய எட்டு வாரச் சம்பளத்திலிருந்து எடுக்கப்படுவதால், அந்த வாரங்கள் எவை என்பதைச் சம்பளப் பிரிவிடம் கேட்டறிந்து, அதற்கு முன்பே விட்டுக்கொடுக்கும் தொகையைக் குறைக்கும்படி எழுதிக் கொடுங்கள்.