தொலைநிலை மாணவர்களின் தேர்வில் முறைகேட்டைத் தடுப்பது எப்படி?

வேலை முடிந்து வீடு திரும்பி, இரவு எட்டு மணிக்குச் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து தேர்வெழுதும் பகுதிநேர மாணவர்களுக்கு வினாத்தாள் தயாரிப்பவர்கள், கேமராவைப் பற்றி யோசிப்பதற்கு முன் வினாவைப் பற்றி யோசிக்க வேண்டும். கண்காணிப்பு மட்டுமே போதுமென்றால் தேர்வு மண்டபத்தில் எவராலும் காப்பியடிக்க முடிந்திருக்காது. 2016ஆம் ஆண்டு இங்கு நடந்த ஜிசிஇ சாதாரண நிலைத் தேர்வில் (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு), துணைப்பாட ஆசிரியர் ஒருவர் தனித் தேர்வராக அமர்ந்து, உடைக்குள் மறைத்த கைத்தொலைபேசியின் ஃபேஸ்டைம் காணொளி அழைப்பு வழியாக வினாத்தாளை வெளியே காட்ட, தோல்நிறக் காதொலிக் கருவி அணிந்திருந்த மாணவர்களுக்கு விடைகள் வாசிக்கப்பட்டன.

மொழிபெயர்ப்புப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ‘மொழிபெயர்ப்பு நெறிகளை விளக்குக’ என்ற வினாவுக்குச் சாட்ஜிபிடி அரை நிமிடத்தில் விடை எழுதிவிடும். ஆகவே, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்கா வட்டாரத்தில் தாமே படமெடுத்த ஒரு தமிழ் அறிவிப்பை ஒவ்வொரு மாணவரும் முன்கூட்டியே ஒப்படைக்கச் செய்து, தேர்வன்று ‘நான்காம் வாரத்தில் நாம் விவாதித்த நெறிகளுள் எது இதில் பிசகியிருக்கிறது, நீங்கள் எப்படித் திருத்துவீர்கள்?’ என்று கேளுங்கள். இதற்கும் செயலியை நாடுபவர் இருப்பார். அவரைக் கண்டுகொள்ள, தேர்வு முடிந்த இரண்டு நாளுக்குள் பத்து நிமிட வாய்மொழித் தேர்வு வையுங்கள். ஒவ்வொரு மாணவருடைய விடைத்தாளையும் திரையில் திறந்து, ‘இந்த இடத்தில் ஏன் இந்தச் சொல்லைத் தேர்ந்தீர்கள்?’ என்று கேட்டால், தானே எழுதியவர் தடுமாறினாலும் காரணத்தை எட்டிவிடுவார். மற்றவர் தம் விடையையே முதன்முறையாக வாசிப்பார். முப்பது பேருக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். அவ்வளவு நேரம் ஒதுக்க இயலாத ஆசிரியர்கள் குலுக்கல் முறையில் பத்துப் பேரை அழைக்கலாம். ஆனால் அந்தப் பத்துப் பேர் யார் என்பது தேர்வு முடியும்வரை தெரியக் கூடாது.

ஆள்மாறாட்டத்தைத் தடுக்க, ஜூமின் காத்திருப்பு அறையிலிருந்து ஒவ்வொருவராக உள்ளே அனுமதித்து, அடையாள அட்டையிலுள்ள படத்தை முகத்தோடு ஒப்பிட்டால் போதும். எண்ணை விரலால் மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். திரையைப் படமெடுத்துச் சேமிக்காதீர்கள். அடையாள அட்டை எண்ணைத் திரட்டுவதற்கான விதிமுறைகள் 2019 செப்டம்பர் முதல் கடுமையாகியுள்ளன.

கைத்தொலைபேசியைப் பக்கவாட்டில் நிறுத்தி, கைகளும் திரையும் தெரியும்படி இரண்டாவது கேமராவாகப் பயன்படுத்தலாம். ஒரு வாரம் முன்பே ஒத்திகை பார்ப்பது அவசியம். பார்வை விலகுவதையெல்லாம் குற்றமாகக் கொள்ள வேண்டாம். அடிக்கடி இடப்பக்கம் திரும்பிய ஒரு மாணவியை நான் சந்தேகித்துக் குறிப்பெழுதியிருந்தேன். ஒத்திகையில் அவர் கேமராவைத் திருப்பிக் காட்டியபோது அங்கே தொட்டிலில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டறிவதாகச் சொல்லும் மென்பொருள்களின் மதிப்பெண்ணை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட அத்தகைய கருவியை, துல்லியம் குறைவு என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. சந்தேகம் எழுந்தால் தேர்வை நடுவில் நிறுத்தாமல், நேரத்தையும் கண்டதையும் மட்டும் குறித்துவைத்து, பிறகு மற்றோர் ஆசிரியரையும் உடன் வைத்துக்கொண்டு மாணவரின் விளக்கத்தைக் கேளுங்கள்.