அயாவாஸ்கா: மூளையைப் பற்றிய சில தவறான கணக்குகள்

அமேசான் பழங்குடியினர் ஒரு கொடியையும் ஓர் இலையையும் சேர்த்துக் காய்ச்சும் அயாவாஸ்கா என்ற பானத்தைப் பற்றிச் சென்னையின் தியான ஆர்வலர்களிடையேயும் பேச்சு எழுகிறது. அதை மூலிகைக் கஷாயம்போல் எண்ணுவதே முதல் தவறு. இலையிலுள்ள டிஎம்டி என்ற மனமயக்கப் பொருளை மட்டும் விழுங்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியின் ஹார்மைனும் ஹார்மலினும் அந்த நொதியை முடக்குவதால்தான் டிஎம்டி மூளையை எட்டி, அதன் வெளியடுக்கான புறணியில் செரட்டோனின் என்ற நரம்புச் செய்திப்பொருளுக்கான ஏற்பிகளைத் தூண்டி, ஏறத்தாழ நான்கு மணி நேரம் காட்சிகளையும் உணர்ச்சிக் கொந்தளிப்பையும் உண்டாக்குகிறது.

உயிருக்கே உலை வைக்கக்கூடிய தவறும் இந்த முடக்கத்தை ஒட்டியதே. மனச்சோர்வுக்கு ஃப்ளூஆக்சிடின் போன்ற மாத்திரை எடுப்பவர் இதைக் குடித்தால் செரட்டோனின் அளவுமீறிப் பெருகி, காய்ச்சல், நடுக்கம், தசை இறுக்கம், வலிப்பு வரை போகலாம். இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தினால் போதும் என்ற கணக்கும் பொய்க்கும். ஃப்ளூஆக்சிடினும் அதன் விளைபொருளும் உடலில் வாரக்கணக்கில் தங்கும், திடீரென நிறுத்துவதோ நோயைக் கிளறிவிடக்கூடும். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

விநாயகர் சதுர்த்தியன்று மயிலாப்பூரில் எருக்க மாலையோடு விற்கும் ஊமத்தையை இதன் உள்ளூர் மாற்றாக நினைப்பது அதைவிட மோசம். அதிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபாலமினும் அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு நரம்புச் செய்திப்பொருளின் வேலையைத் தடுப்பவை. நாக்கு வறண்டு, கண்மணி விரிந்து, எதிரில் இல்லாதவரோடு பேசும் சித்தப்பிரமைதான் மிஞ்சும். அது விஷம், வேறொன்றுமில்லை.

அயாவாஸ்கா மனச்சோர்வைத் தீர்க்கும் என்று ஆய்வே நிரூபித்துவிட்டது என்பாரும் உண்டு. பிரேசிலில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் மனச்சோர்வு குறைந்தது உண்மையே. ஆனால் அதில் பங்கேற்றோர் 29 பேர், முக்கிய அளவீடு ஏழாம் நாளில், அதுவும் மருத்துவக் கண்காணிப்பில். குடும்பத்தில் மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ உள்ளவருக்கு இந்தப் பானம் நோயைத் தூண்டிவிடலாம். டிஎம்டி இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பதையும் மறக்கலாகாது.

யாரேனும் குடித்துவிட்டுக் காய்ச்சலும் விறைப்புமாகக் கிடந்தால் போலீஸுக்குப் பயந்து மறைக்காமல் 108ஐ அழைத்து, குடித்தது என்ன, எடுக்கும் மாத்திரை எது என்பதை மருத்துவரிடம் அப்படியே சொல்லிவிட வேண்டும்.