சின்ன அறைக்கு ஏற்ற கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி

ஹட்டன் பக்கம் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகள் ஸ்பீக்கர் பெட்டி பற்றி என்னிடம் கேட்க வந்தால், முதல் கேள்வியே "அண்ணா, எத்தனை வாட்ஸ் எடுக்கிறது?" என்றுதான் இருக்கும். நான் திருப்பிக் கேட்பது வேறு. அறை எத்தனை அடி? சுவருக்கு அந்தப் பக்கம் யார்? தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய பழைய லயத்துக் காம்பிரா, அதாவது அறை, 10 அடிக்கு 12 அடி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், மேலே தகரம். பக்கத்து வீட்டு அக்கா விடிய எழும்பி, பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போக வேண்டியவர். அவருடைய தூக்கத்தையும் கணக்கில் எடுத்துத்தான் பெட்டி வாங்க வேண்டும். மெதுவாக வாசிக்கும்போதே நிறைவாகக் கேட்கிற பெட்டிதான் நமக்குத் தேவை. இனி நான் சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

கிட்டார் ஸ்பீக்கரும் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கரும் ஒன்றல்ல. கிட்டார் ஸ்பீக்கரில் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் சரசரவென்று இறங்கிவிடும். டிஸ்டோர்ஷன், அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைக்கிற எஃபெக்ட், போடும்போது உண்டாகிற கரகரப்பு பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் கிடக்கிறது. ஸ்பீக்கரே அதை வடிகட்டிவிடுகிறது. அதே சத்தத்தைத் திருவிழாவுக்குக் கட்டுகிற, உயர்ந்த சுருதிக்கென்று ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கர் வைத்த பெட்டியில் கொடுத்துப் பாருங்கள், குளவிக்கூடு கலைந்த மாதிரி இருக்கும். ஆம்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்கிற மாடலிங் பெடலில் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) ஒலியையும் சேர்த்து வாசிப்பவர்களுக்கு நிலைமை நேர்மாறு. அவர்கள் கிட்டார் பெட்டியில் கொடுத்தால் இரண்டு முறை வடிகட்டப்பட்டு மங்கிப்போகும். அவர்களுக்கு நல்ல ஸ்டூடியோ மானிட்டர் போதும், இந்தச் செலவே வேண்டாம்.

அளவு என்று பார்த்தால் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று வைத்த பெட்டியைத்தான் நான் சொல்வேன். 8 அங்குலம் மேசைமேல் வைக்க வசதி, ஆனால் கீழ்ச் சுருதி மெலிந்துபோகும். 10 அங்குலத்தை யாரும் மதிப்பதில்லை, அது எனக்கு வருத்தம். சின்ன அறையில் அதன் தெளிவு மிக அழகு, தூக்கவும் லேசு. எந்த அளவாக இருந்தாலும் பெட்டி ஒடுங்கிப்போகக் கூடாது. 12 அங்குல ஸ்பீக்கரை மிகச் சின்ன மூடிய பெட்டிக்குள் அடைத்தால் மூக்கடைத்தவர் கதைக்கிற குரல் வரும்.

பின்பக்கம் திறந்ததா, மூடியதா என்பதை நன்றாக யோசித்து முடிவெடுங்கள். திறந்த பெட்டியில் சத்தம் முன்னும் பின்னும் போகும். அறை முழுக்கக் காற்றோட்டமாகக் கேட்கும், கீழ்ச் சுருதி கொஞ்சம் குறையும். அதைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்னால் போன சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி முன் சத்தத்தோடு மோதும். ஒன்றிரண்டு அடியாவது இடம் விட வேண்டும், காம்பிராவில் அந்த இடம் கிடைப்பது கஷ்டம். மூடிய பெட்டியில் கீழ்ச் சுருதி இறுக்கமாக வரும், சுவரோரம் வைக்கலாம், ரெக்கார்டிங்கிலும் சண்டித்தனம் பண்ணாது. பின்பலகையின் நடுப்பகுதியை ஆணி கழற்றி எடுக்கக்கூடிய பெட்டிகளும் இருக்கின்றன. வீட்டுக்கும் பதிவுக்கும் ஒரே பெட்டி என்றால் அதைத்தான் தேட வேண்டும்.

இப்போது வாட்ஸுக்கு வருவோம். ஸ்பீக்கரில் போட்டிருக்கிற வாட்ஸ், அது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு சத்தம் போடும் என்பதற்கு டெசிபெல்லில் சொல்கிற உணர்திறனைப் பார்க்க வேண்டும். செலஸ்டியன் வின்டேஜ் 30 ஏறத்தாழ 100 டெசிபெல், அதே கம்பனியின் 25 வாட்ஸ் கிரீன்பேக் ஏறத்தாழ 98. மேடைக்கு முதலாவது கைகொடுக்கும், வீட்டுக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவது. 3 டெசிபெல் குறைந்த ஸ்பீக்கர் கிடைத்தால், கிட்டார் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்பின் வலுவைப் பாதியாக்கிய பலன் கிடைத்துவிடும். ஆனால் காதுக்குப் பாதிச் சத்தமாகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபெல் இறங்க வேண்டும். 20 வாட்ஸ் ஆம்பை விற்று 10 வாட்ஸ் வாங்கினால் பக்கத்து வீட்டுக்கு நிம்மதி வராது என்பது இதனால்தான். கண்ணாடிக் குழாய் வைத்த வால்வ் ஆம்பை முழுக்கத் திருகினால் அதில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே தள்ளும். ஆகவே 15 வாட்ஸ் ஆம்புக்கு 25 அல்லது 30 வாட்ஸ் தாங்கும் ஸ்பீக்கர் என்று எடுங்கள்.

ஓம்ஸ் (மின்தடை அளவு) விஷயத்தில் விளையாட வேண்டாம். வால்வ் ஆம்பின் பின்னால் 8 ஓம்ஸ் என்று இருந்தால் பெட்டியும் 8 ஓம்ஸாக இருக்கட்டும். ஸ்பீக்கரே கொடுக்காமல் வால்வ் ஆம்பை வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். டிரான்ஸிஸ்டர் ஆம்பில் "குறைந்தது 4 ஓம்ஸ்" என்று போட்டிருந்தால் 8 கொடுக்கலாம், 4-க்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம்ஸ் பெட்டி இரண்டைச் சமாந்தர (பரலல்) இணைப்பாகக் கொடுத்தால் மொத்தம் 4 ஆகிவிடும், அதையும் ஞாபகம் வையுங்கள். அப்புறம் வயர். கிட்டார் வயரும் ஸ்பீக்கர் வயரும் ஒரே ஜாக்கில் முடிந்தாலும் உள்ளே வேறு. ஆம்புக்கும் பெட்டிக்கும் நடுவில் தடித்த ஸ்பீக்கர் வயர்தான் போட வேண்டும்.

பாவித்த பெட்டி வாங்குகிறவர்கள் மல்டிமீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் மீட்டரில் 6-க்கும் 7-க்கும் இடையில் காட்டும், அது சரி. ஒன்றுமே காட்டாவிட்டால் ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச் சுருள் (காயில்) அறுந்திருக்கும், அல்லது உள்ளே வயர் விட்டிருக்கும். பிறகு ஆம்பை அணைத்துவிட்டு, முன் துணியோ பின்பலகையோ கழன்றால் கழற்றி, இரண்டு கை விரல்களையும் கோனின் (ஸ்பீக்கரில் அதிர்கிற கூம்பின்) எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவில் மெல்ல உள்ளே அழுத்துங்கள். காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். சத்தமே இல்லாமல் போய்த் திரும்ப வேண்டும். மணல் உரசுகிற மாதிரி மெல்லிய சொரசொரப்புக் கேட்டால் கம்பிச் சுருள் காந்தத்தில் தட்டுகிறது. விலை எவ்வளவு குறைத்துத் தந்தாலும் விட்டுவிடுங்கள்.

நம் குளிருக்கும் பனிக்கும் மரம் முக்கியம். நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. அடைமழைக் காலத்தில் அங்கே துணியே காய்வதில்லை, பெட்டி எப்படிக் காயும்? மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஈரத்தைக் குடித்து அடிவிளிம்பில் ஊதிவிடும், ஆணி பிடிக்காது. பெட்டியைக் கவிழ்த்து அடி மூலைகளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் வேண்டாம். 18 மில்லிமீட்டர் பிளைவூட் நன்றாகத் தாங்கும். பைனஸ் பலகை லேசு, அதற்கென்று ஒரு இனிமையான அதிர்வும் உண்டு. நல்ல தச்சுவேலை பாஸ் ஒருவர் தெரிந்திருந்தால் செய்விக்கவும் செய்யலாம். செலஸ்டியன் 12 அங்குலத்துக்கு முன்பலகையில் 283 மில்லிமீட்டர் வட்டம் வெட்ட வேண்டும். மூடிய பெட்டி என்றால் மூட்டுகளில் காற்றுக் கசியாதபடி பசை வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் உறுதியான கதிரையில் ஏற்றுங்கள். ஈரமும் ஏறாது, உயர்ந்த சுருதியும் முழங்காலில் படாமல் காதுக்கு வரும்.

ரெக்கார்டிங்குக்கு ஷூர் எஸ்எம்57 மாதிரி ஒரு டைனமிக் மைக் போதும். முன் துணிக்குப் பின்னால் கோன் எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஆகவே டோர்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் குமிழ் மாதிரி இருக்கிற மூடி முடிந்து கோன் தொடங்குகிற விளிம்பில், துணிக்கு ஓரங்குலம் முன்னால் மைக்கை வையுங்கள். நடுவுக்கு நகர்த்தினால் கூர்மை கூடும், வெளியே நகர்த்தினால் மென்மை கூடும். ஈக்யூ (சுருதிகளைக் கூட்டிக் குறைக்கிற திருகி) திருகுவதற்கு முன் இந்த அங்குலக் கணக்கில் நேரம் செலவழியுங்கள். மைக் இவ்வளவு கிட்ட இருந்தால் தகரத்தில் விழுகிற தூறல் அவ்வளவாக ஏறாது. பெருமழை என்றால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

கண்டிக்கோ கொழும்புக்கோ பெட்டி பார்க்கப் போகிறவர்கள் உங்கள் கிட்டாரையும், முடிந்தால் ஆம்பையும் கொண்டுபோங்கள். கடையில் எல்லாரும் கூட்டித்தான் வாசித்துக் காட்டுவார்கள், அந்தச் சத்தத்தில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் குறைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருவர் சாதாரணமாகக் கதைத்தால் கேட்கிற அளவுக்கு இறக்கி, ஆறாம் கம்பியைத் திறந்தபடி மீட்டுங்கள், பிறகு முழுக் கோர்ட் ஒன்று பிடியுங்கள். அந்தச் சத்தத்திலும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டால் அங்கேயே காசைக் கொடுத்து வாங்கிவிடலாம்.