ஸ்கூபா கருவிகள்: எதைக் கடையில் வாங்குவது, எதை இணையத்தில் வாங்குவது?

'கடையா, இணையமா' என்று மொத்தமாகக் கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. பொருளுக்குப் பொருள் அது மாறும். மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்கினால் பணம் தண்டம். டார்ச்சைக்கூடக் கடையில்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தால் அதுவும் தண்டம்தான். வாங்கப்போகும் பொருளை வைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இது உடம்பில் கச்சிதமாகப் பொருந்த வேண்டியதா? இதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை யாராவது பிரித்து சர்வீஸ் செய்ய வேண்டுமா? அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தபின் விலை எங்கே போய் நிற்கும்? முதல் இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று வந்தாலும் கடைப் பக்கம் சாய்வது நல்லது.

புதிதாக டைவ் பழகுபவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். மாஸ்க், பூட்ஸ், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கருவி) என்ற வரிசையில் தொடங்கி, ரெகுலேட்டரையும் (சிலிண்டர் காற்றை மூச்சுவிட ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி) பி.சி.டி.யையும் (காற்று நிரப்பி மிதப்பைக் கட்டுப்படுத்தும் அங்கி) சில காலம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். எந்த வடிவம் தனக்கு ஒத்துவருகிறது என்பது அதற்குள் பிடிபட்டுவிடும்.

மாஸ்க்: கடையில்தான்

மாஸ்க் விஷயத்தில் விலை, பிராண்டு எல்லாம் இரண்டாம் பட்சம். முகத்துக்கு ஒட்டுகிறதா என்பது ஒன்றுதான் கணக்கு. கடையில் சோதிக்கும்போது பெரும்பாலானோர் மாஸ்க்கை முகத்தில் அழுத்தி, மூக்கால் பலமாக உறிஞ்சி, 'ஒட்டிக்கொண்டது' என்று திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அப்படி அழுத்தினால் எந்த மாஸ்க்கும் ஒட்டும். முகத்தை மேலே நிமிர்த்தி, பட்டையை முன்பக்கம் தள்ளிவிட்டு, முடியை ஒதுக்கி, மாஸ்க்கை அழுத்தாமல் முகத்தின்மேல் சும்மா வையுங்கள். நெற்றியின் பக்கவாட்டு ஓரத்திலும் மூக்குக்குக் கீழேயும் இடைவெளி தெரிகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மூக்கால் மெதுவாக இழுத்து, மூச்சை நிறுத்திக்கொண்டு தலையைக் குனியுங்கள். கை வைக்காமலே மாஸ்க் நிற்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. ரெகுலேட்டர் மவுத்பீஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி வாயில் கவ்விக்கொண்டு மறுபடி சோதியுங்கள். வாய் திறந்ததும் மேலுதட்டின் வடிவம் மாறும். மாஸ்க் ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மீசை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். காது அடைப்பை நீக்க மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால், கையுறை போட்ட விரல்களுக்கும் மூக்குப்பை எட்டுகிறதா என்று பாருங்கள். சட்டம் மூக்குத்தண்டில் லேசாக இடித்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். கடையில் உறுத்தலாகத் தெரிவது நாற்பது நிமிட டைவில் தலைவலியாகிவிடும். கண்ணாடி டெம்பர்டு (கடினமாக்கிய) வகை என்று ஓரத்தில் பொறித்திருக்க வேண்டும். பார்வைக் குறை உள்ளவர்கள் இரட்டைக் கண்ணாடி மாடல்களைப் பார்க்கலாம். அவற்றில் சிலவற்றுக்குத்தான் பவர் லென்ஸ் கிடைக்கும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். அதைப் போக்காவிட்டால் என்ன செய்தாலும் பனிமூட்டம் கட்டும். சாதாரண வெள்ளைப் பற்பசையை உட்பக்கக் கண்ணாடியில் விரலால் நன்கு தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரலாம். உட்பக்கம் பூச்சு உள்ள கண்ணாடிகளில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. ஒரு மாடல் உங்களுக்குப் பொருந்திவிட்டது என்றால், அதே மாடலில் இரண்டாவது மாஸ்க்கைத் தாராளமாக இணையத்தில் வாங்கலாம்.

ஃபின், வெட்சூட், பி.சி.டி.

குதிகால் திறந்த ஃபின் என்றால் முதலில் பூட்ஸ் வாங்குங்கள். பிறகு அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டே ஃபின்னைச் சோதியுங்கள். 5 மி.மீ. பூட்ஸ் போட்ட காலுக்கும் வெறுங்காலுக்கும் ஒரே அளவு சரிப்படாது. காலைத் தூக்கி உதறும்போது ஃபின் ஆடக் கூடாது. விரல்கள் மடங்கவும் கூடாது.

வெட்சூட் தளர்வாக இருந்தால் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், சூடு நிற்காது. முதுகின் கீழ்க்குழிவு, அக்குள், கவட்டை, கழுத்து ஆகிய நான்கு இடங்களில் துணி உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். கைகளைத் தலைக்குமேல் தூக்கியும், குந்தி உட்கார்ந்தும் பாருங்கள். வெளியே கொஞ்சம் இறுக்கமாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், தண்ணீரில் சற்று இளகும். மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை என்றால் மட்டும் அடுத்த அளவைக் கேளுங்கள். தடிமனைப் பொறுத்தவரை, வெதுவெதுப்பான கடலுக்கு 3 மி.மீ., மிதமான நீருக்கு 5, குளிர்ந்த நீருக்கு 7 என்பது பொதுவான கணக்கு. வெட்சூட் செய்யும் நுரை ரப்பரான நியோப்ரீனுக்குள் இருக்கும் நுண்குமிழிகள் ஆழத்தில் நசுங்கும். 10 மீட்டரிலேயே அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்காகிவிடுவதால், 5 மி.மீ. சூட் கீழே 5 மி.மீ. ஆக இருக்காது. குளிர் தாங்காதவர்கள் ஒரு படி தடிமனாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வெட்சூட்டை இணையத்தில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், ஒரு பிராண்டின் 'மீடியம்' இன்னொரு பிராண்டின் 'லார்ஜ்' ஆக இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். மார்பு, இடுப்பு, உயரம் மூன்றையும் அளந்து, அந்தந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். திருப்பி அனுப்பும் செலவைக் கடையே ஏற்கிறது என்றால் இரண்டு அளவுகளை வரவழைத்து ஒன்றைத் திருப்பிவிடலாம். நனைக்கவோ, விலைச் சீட்டைக் கிழிக்கவோ கூடாது. அப்படிச் செய்துவிட்டால் திருப்பி எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை.

பி.சி.டி.யை வெட்சூட் மேல் போட்டுக்கொண்டு, காற்றை முழுதாக நிரப்பிப் பாருங்கள். விலா இறுகி மூச்சு முட்டினால் அளவு சிறியது. தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுக்கும்போது அது காதுவரை ஏறிவந்தால் பெரியது. எடைப் பைகளை ஒரே கையால், பார்க்காமல், ஒரே இழுப்பில் உருவ முடிகிறதா என்றும் சோதிக்க வேண்டும். உலோக முதுகுத்தகடும் பட்டைகளும் கொண்ட விங் வகை மட்டும் இதற்கு விதிவிலக்கு. ஒரே நீளப் பட்டையை அவரவர் உடம்புக்கேற்பக் கோத்துக்கொள்ளலாம் என்பதால் அதை இணையத்தில் வாங்குவதில் பெரிய ஆபத்து இல்லை. முதன்முறை கோக்கும்போது அனுபவமுள்ள ஒருவர் கூட இருந்தால் போதும்.

ரெகுலேட்டர்: விலையைவிட சர்வீஸ் முக்கியம்

இணையத்தில் மிகப் பெரிய தள்ளுபடி தெரிவது ரெகுலேட்டரில்தான். வாங்கியபின் கையைக் கடிப்பதும் அதுவே. காரணம் எளிது: ரெகுலேட்டரை வாங்கியதோடு செலவு முடிவதில்லை. நிறுவனத்தைப் பொறுத்து ஆண்டுக்கு ஒருமுறையோ, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ, 100 டைவுக்கு ஒருமுறையோ அதைப் பிரித்து, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), ஹை பிரஷர் சீட் (சிலிண்டரின் அழுத்தக் காற்றை அடைக்கும் பாகம்) போன்றவற்றை மாற்ற வேண்டும். அந்த உதிரிப்பாகக் கிட்டைப் பல நிறுவனங்கள் தம்மிடம் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்களுக்குத்தான் கொடுக்கும். பத்து ஆண்டு சர்வீஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இணையத் தள்ளுபடி சில சமயம் இரண்டாவது சர்வீஸிலேயே கரைந்துவிடும்.

ஆகவே மாடலை முடிவுசெய்யும் முன்பே, டைவ் செய்யும் இடத்துக்கு அருகில் உள்ள சர்வீஸ் ஆளிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இந்த மாடலுக்கு உங்களிடம் அங்கீகாரம் இருக்கிறதா? கிட் கையிருப்பில் உண்டா? எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள்? பதில் இழுபறியாக வந்தால், எவ்வளவு நல்ல மாடலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது வாரண்டி. அங்கீகாரம் இல்லாத விற்பனையாளர் வேறு நாட்டுச் சரக்கை இறக்கி அடிமாட்டு விலைக்கு விற்பதுண்டு. சரக்கு அசலாகவே இருக்கலாம். ஆனாலும் நிறுவனம் அதற்கு வாரண்டி தர மறுக்கலாம், இலவச உதிரிப்பாகச் சலுகையும் கிடைக்காமல் போகலாம். நிறுவனத்தின் இணையதளத்தில் டீலர் பட்டியல் இருக்கும். விற்பவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, பெட்டியில் உள்ள எண்ணும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் (சிலிண்டரில் மாட்டும் பாகம்) உள்ள எண்ணும் வேறாக இருந்தாலோ வாங்காதீர்கள். பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த 'புது' ரெகுலேட்டரும் பிரச்சினைதான். ரப்பர் பாகங்கள் பெட்டிக்குள் இருந்தாலும் கிழடாகும்.

சிலிண்டரோடு இணையும் வகையைக் கவனிக்காமல் வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய. யோக் வகை வால்வின்மேல் கவ்வி இறுக்கும், 232 பார் (காற்றழுத்த அளவு) வரைதான். டின் வகை வால்வுக்குள் திருகி இறங்கும், அதில் 300 பார் மாடலும் உண்டு. டின் ரெகுலேட்டர் வாங்கி, யோக் அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் சமாளித்துவிடலாம். குளிர்ந்த நீரில் இறங்குபவர்கள் ஐரோப்பியத் தரமான இ.என். 250 குறியீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் மட்டும் என்று பொறித்திருந்தால் அது குளிர்நீருக்கானது இல்லை. அங்கே அது உறைந்து, காற்றைக் கட்டுப்பாடின்றிக் கொட்டலாம்.

இணையத்தில் வாங்கிய ரெகுலேட்டர் சில சமயம் ஹோஸ்கள் மாட்டாமல் தனித்தனியாக வரும். அதைக் கடையில் கொடுத்து மாட்டச் சொல்வதே உத்தமம். நீங்களே மாட்டினால் ஸ்பேனரை முறுக்கித் தள்ளாதீர்கள். கசிவை அடைப்பது ஓ-ரிங்தான், இறுக்கம் அல்ல. கையில் வந்ததும், கடலுக்குக் கொண்டுபோகும் முன், இப்படிச் சோதியுங்கள்:

1. சிலிண்டரில் மாட்டாமல், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் டஸ்ட் கேப் (தூசி மூடி) மூடிய நிலையில், செகண்ட் ஸ்டேஜில் (வாயில் வைக்கும் பாகம்) மெதுவாக உறிஞ்சுங்கள். காற்று வரக் கூடாது. வந்தால் வெளியேற்று வால்வு மடங்கியிருக்கலாம், மவுத்பீஸ் கட்டு தளர்ந்திருக்கலாம், அல்லது டயஃப்ரம் சரியாக உட்காரவில்லை. ஆக்டோபஸிலும் (உதவிக்கு வைத்திருக்கும் இரண்டாவது செகண்ட் ஸ்டேஜ்) இதையே செய்யுங்கள்.
2. சிலிண்டரில் மாட்டி வால்வை மெதுவாகத் திறங்கள். அப்போது கேஜின் (சிலிண்டர் அழுத்தம் காட்டும் மானி) கண்ணாடி உங்கள் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது.
3. பத்து மூச்சு இழுத்துவிட்டு அமைதியாகக் காதைக் கொடுங்கள். 'ஸ்ஸ்' என்று மெல்லிய ஓசை நிற்காமல் வந்தால் கோளாறு உண்டு. இடை அழுத்த மானி (இரண்டு ஸ்டேஜுக்கும் இடையிலான அழுத்தத்தைக் காட்டுவது) கிடைத்தால் இன்ஃப்ளேட்டர் ஹோஸில் (பி.சி.டி.க்குக் காற்று தரும் குழாய்) மாட்டுங்கள். பெரும்பாலான மாடல்களில் 9 முதல் 10 பாருக்குள் நிற்கும். மூச்சை இழுத்து நிறுத்தியபின் முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் ஹை பிரஷர் சீட்டில் குறை.
4. வால்வை மூடி, கேஜ் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் விடுங்கள். எண் இறங்கினால் எங்கோ கசிகிறது.

கோளாறு தெரிந்தால் நீங்களே திறந்து பார்க்காதீர்கள். உப்புநீர் பட்ட ரெகுலேட்டரைத் திருப்பி எடுக்காத விற்பனையாளர்கள் அதிகம் என்பதால்தான் இந்தச் சோதனை வீட்டிலேயே நடக்க வேண்டும்.

சிலிண்டரும் ஈயமும்

இரண்டும் கடையில்தான். மூழ்குவதற்காக எடையாகக் கட்டும் ஈயத்தைக் கூரியரில் வரவழைப்பது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை. சிலிண்டரில் எடை ஒரு பக்கம், முத்திரை இன்னொரு பக்கம். அந்த நாட்டு விதிப்படியான முத்திரை கழுத்தில் இல்லை என்றால் காற்று நிரப்பும் இடத்தில் கையை விரித்துவிடுவார்கள். பழைய சிலிண்டர் வாங்குவதாக இருந்தால் கடைசி ஹைட்ரோ பரிசோதனைத் (நீரழுத்தச் சோதனை) தேதியைப் பாருங்கள். பல நாடுகளில் அது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். 1980-களின் இறுதி வரை பரவலாகச் செய்யப்பட்ட 6351 அலுமினியக் கலவைச் சிலிண்டர்களில் கழுத்துப் பகுதியில் விரிசல் விடும் குணம் உண்டு. அவற்றை நிரப்பவே பல இடங்களில் மறுக்கிறார்கள். இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இணையத்தில் தயங்காமல் வாங்கக்கூடியவை

டைவ் கம்ப்யூட்டர் இந்தப் பட்டியலில் முதலிடம். யார் விற்றாலும் பெட்டிக்குள் இருப்பது அதே பொருள்தான், உடம்பளவும் தேவையில்லை. பேட்டரியை நாமே மாற்றலாமா, நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டுமா என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் டிரான்ஸ்மிட்டர் பின்னால் வாங்கும் எண்ணம் இருந்தால், அந்த மாடலோடு அது இணையுமா என்று கேளுங்கள். பிராண்டுக்குப் பிராண்டு ஒத்துப்போகாது. திரை எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைத் தெரிந்தவர் கையிலிருப்பதை வாங்கிப் பார்த்துவிடலாம்.

மேற்பரப்பு மிதவை, ரீல், கொக்கிகள், கத்தி, ஓ-ரிங் பெட்டி, பை எல்லாம் இணையம்தான். டார்ச் வாங்கும்போது மட்டும், பேர் தெரியாத தயாரிப்புகளில் போட்டிருக்கும் லூமென் (வெளிச்ச அளவு) எண்ணை நம்பாதீர்கள். எத்தனை நிமிடம் முழு வெளிச்சம் நிற்கும், எந்த பேட்டரி என்று பாருங்கள்.

விலை பேசும்போது

இணைய விலையைக் கடை விலையோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. அனுப்பும் செலவு, சுங்கம், வரி, ஹோஸ் மாட்டும் கூலி, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு எல்லாவற்றையும் கூட்டியபின் ஒப்பிடுங்கள். பிறகு அங்கீகாரம் பெற்ற இணைய விற்பனையாளரின் விலையைக் கடையில் காட்டிக் கேட்கலாம், கூச்சம் வேண்டாம். சில பொருள்களுக்கு நிறுவனம் விதித்த விலைக்குக் கீழே கடைக்காரர் இறங்க முடியாது. அப்போது பணத்தைக் குறைக்கச் சொல்லாமல் முதல் சர்வீஸ் இலவசம், நீச்சல் குளத்தில் ஒருமுறை சோதனை, வாடகையைக் கழித்துக்கொள்வது, சென்ற ஆண்டு நிறம் குறைந்த விலையில் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றாவது கிடைக்கும். ஒரு மணி நேரம் ஆறு மாஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அதே மாடலைக் கைபேசியில் வாங்குகிறவர்களைக் கடைக்காரர்கள் நன்றாகவே அடையாளம் வைத்திருப்பார்கள். நாளை காற்று நிரப்பவும் அங்கேதான் போக வேண்டும்.

எங்கே வாங்கினாலும் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே பொருள் கையில் இருக்கட்டும். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துவையுங்கள். ரசீதையும் சீரியல் எண்களையும் படம் பிடித்துத் தனியாகச் சேமியுங்கள். வாரண்டிக்கும், விமானத்தில் பை தொலைந்தால் காப்பீட்டுக்கும் கேட்பது அவற்றைத்தான்.