‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ வரிக்குப் பின் வரும் மௌனத்தைக் கலைக்கும் வழி

64 பிட் ஆர்ம் போர்டு ஒன்றில் புதிதாக பில்ட் செய்த லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) ஏற்றும்போது, அதை ஏற்றிவிடும் பூட்லோடரான யூபூட் ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்று எழுதிவிட்டு விலகிக்கொள்ள, அதன்பின் ஓர் எழுத்துகூட வராமல் திரை அப்படியே நிற்பதுண்டு. கெர்னல் எதுவும் சொல்லவில்லை என்பதல்ல இதன் பொருள். கெர்னலின் செய்தி எழுதும் செயற்கூறான பிரிண்ட்கே எழுதும் ஒவ்வொரு செய்தியும் முதலில் நினைவகத்தில் உள்ள ஒரு பஃபரில்தான் சேர்கிறது. அதை வெளியே அனுப்ப வேண்டிய சீரியல் டிரைவரோ வெகுநேரம் கழித்தே எழுகிறது. அதற்குள் கெர்னல் விழுந்துவிட்டால், விழுந்த காரணமும் பஃபருக்குள்ளேயே தங்கிவிடும்.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் ஏர்லிகான். குறுக்கீடுகளையோ முழு டிரைவரையோ நம்பாமல், சீரியல் சிப்பின் பதிவகத்தில் ஒவ்வொரு எழுத்தாக நேரடியாகப் போடும் சிறிய நிரல் அது. கெர்னல் கமாண்ட் லைனில், அதாவது தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கப்படும் தெரிவுகளின் வரியில், ‘ஏர்லிகான்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, செய்திகளை அடக்கும் ‘கொயட்’ இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயின் ‘சோசன்’ பகுதியில் ‘எஸ்டிடிஅவுட்-பாத்’ குறிக்கப்பட்டிருந்தால், எந்த போர்ட் என்பதைக் கெர்னல் தானே கண்டுகொள்ளும். கணினியை மென்பொருளாகவே போலச்செய்யும் கியூஎமுவின் ‘விர்ட்’ இயந்திரத்தில் அது குறிக்கப்பட்டே வருவதால், முதல் பயிற்சியை அங்கே செய்வது நல்லது. அங்கே முகவரியையும் நாமே கொடுக்க விரும்பினால் ‘ஏர்லிகான்=பிஎல்011,0எக்ஸ்9000000’ என்று எழுதலாம்.

நிஜ போர்டில் கம்பியிலிருந்து தொடங்க வேண்டும். ராஸ்பெர்ரி பை 4இல் 6ஆம் முள் கிரவுண்ட், 8ஆம் முள் அனுப்புவது, 10ஆம் முள் பெறுவது; யூஎஸ்பி சீரியல் அடாப்டரின் பெறும் முனையை 8உடனும் அனுப்பும் முனையை 10உடனும் குறுக்காக இணையுங்கள். இந்த முள்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை என்பதால் 5 வோல்ட் அடாப்டரைப் பொருத்தினால் சிப் கெட்டுவிடக்கூடும், வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கான்ஃபிக் கோப்பில் ‘எனேபிள்_யூஆர்ட்=1’ என்று எழுதி, கமாண்ட் லைனில் ‘ஏர்லிகான்=யூஆர்ட்8250,எம்எம்ஐஓ32,0எக்ஸ்எஃப்இ215040’ என்று கொடுத்து, டெர்மினலை 115200 வேகத்தில் திறக்க வேண்டும். முகவரிக்குப் பின் வேகத்தைச் சேர்க்காமல் விடுவதே என் பரிந்துரை. சேர்க்காவிட்டால், பூட்லோடர் அமைத்து வைத்ததைக் கெர்னல் தொடாது; சேர்த்தால் சிப்பை மறுபடி அமைக்க முயலும், கடிகாரக் கணக்கு பொருந்தாதபோது திரையில் குப்பை எழுத்துகளே வரும்.

எல்லாம் சரியாக அமைந்தால் ‘பூட்டிங் லினக்ஸ் ஆன் பிசிக்கல் சிபியூ’ என்ற வரியைக் காண்பீர்கள். சிறிது நேரத்தில் ‘பூட்கன்சோல் டிசேபிள்டு’ என்ற வரியோடு மறுபடியும் அமைதி நேர்ந்தால், கெர்னல் அங்கே நின்றுவிட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். முறையான கன்சோல் பொறுப்பேற்றதும் ஏர்லிகான் விலக்கப்படுகிறது; புதிதாக வந்தது வேறு போர்ட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம். ‘கீப்_பூட்கான்’ சேர்த்தால் பழையதும் தொடர்ந்து எழுதும். அப்போது ஒவ்வொரு வரியும் இரண்டு முறை வந்தால், இரண்டு கன்சோல்களும் ஒரே போர்ட்டில் எழுதுகின்றன என்று அறியலாம்.

ஏர்லிகானும் எட்டாத ஓர் இடம் உண்டு. கமாண்ட் லைன் படிக்கப்படும் முன்பே கெர்னல் டிவைஸ் ட்ரீயைச் சோதிக்கிறது. அது பழுதென்றால் ‘பூட்லோடரைச் சரிபார்க்கவும்’ என்ற பொருளில் ஒரு செய்தியைப் பஃபரில் எழுதிவிட்டு, முடிவில்லாச் சுழலில் நின்றுவிடுகிறது. எவ்வளவு தெளிவான செய்தியாக இருந்தாலும் அது திரைக்கு வராது. கியூஎமுவில் இதைப் பிடிக்க, ‘-எஸ்’ தெரிவோடு (சிறிய எழுத்து எஸ்) இயக்கி, பில்டில் கிடைக்கும் விஎம்லினக்ஸ் கோப்பை ஜிடிபி என்ற பிழைதிருத்தியில் திறந்து 1234ஆம் நெட்வொர்க் போர்ட்டில் இணைந்து, முன்னால் இரண்டு அடிக்கோடுகள் கொண்ட ‘லாக்_பஃப்’ என்ற மாறியின் உள்ளடக்கத்தை எழுத்துச்சரமாகப் படிக்க வேண்டும். முகவரிகள் பொருந்துவதற்காக, கெர்னலை ஒவ்வொரு முறையும் வேறு முகவரியில் வைக்கும் முகவரிக் கலைப்பு (கேஏஎஸ்எல்ஆர்) வசதியை கெர்னல் பில்ட் அமைப்பிலேயே அணைத்து வையுங்கள்.